தைத்த இடம் ஏன் விட்டுப் போகிறது? துணியின் கட்டமைப்பும் மூட்டின் உறுதியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தையல் பற்றி என்னிடம் வரும் கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: "தைத்த இடம் விட்டுப் போச்சு, இன்னும் தடித்த நூல் போட்டுத் தைத்தால் நிற்குமா?" பல நேரம் நிற்காது. ஏன் நிற்காது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். ஒரு சின்ன ஏற்பாடு: இரண்டு துண்டுகள் சேரும் இடத்தை மூட்டு என்கிறேன், ஊசி ஒவ்வொரு முறை இறங்கி ஏறும்போது விழும் பிணைப்பைத் தையல் என்கிறேன். பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல்தான், குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

மூட்டு விட்டுப் போனால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

உடனே மெஷினில் வைத்து ஓட்டாதீர்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, விட்ட இடத்தை நிதானமாகப் பாருங்கள். மூன்றில் ஒன்று நடந்திருக்கும்.

துணி அப்படியே இருக்கிறது, நூல் மட்டும் அறுந்து துண்டு துண்டாக நிற்கிறது என்றால் குறை நூலில் இருக்கலாம், தையல் வகையில் இருக்கலாம், தையலின் எண்ணிக்கையிலும் இருக்கலாம். நூல் முழுசாக இருந்து, அதன் பக்கத்திலேயே தபால்தலையை ஓட்டை வரிசையில் கிழித்தது போலத் துணி கிழிந்திருந்தால், ஊசியோ அளவுக்கு மீறிய தையலோ துணியை நலித்திருக்கிறது. மூன்றாவதுதான் ஏமாற்றுவது. நூலும் அறவில்லை, துணியும் கிழியவில்லை, ஆனால் மூட்டின் ஓரத்தில் இடைவெளி விழுந்து, அதில் ஒரு திசை இழைகள் மட்டும் ஏணிப்படி போலக் குறுக்கே தெரியும். இது இழை விலகல். இங்கே நூலுக்கு எந்த வேலையும் இல்லை. துணியின் சொந்த இழைகள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கி நகர்ந்துவிட்டன.

மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றின் மருந்து இன்னொன்றைக் கெடுக்கவும் செய்யும்.

நூல் அறுவது நல்லதா, துணி கிழிவது நல்லதா?

நூல் அறுவதுதான். அறுந்த நூலை மறுபடி தைத்துவிடலாம், கிழிந்த துணிக்கு ஒட்டுப் போட வேண்டும். அதனால் மூட்டின் உறுதி துணியின் உறுதியை விடச் சற்றுக் குறைவாக இருப்பதே சரி. மூட்டின் உறுதியைத் துணியின் உறுதியால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் வருவது மூட்டின் திறன். நெய்த துணியில் 80 சதவீதம் பக்கம் வந்தால் நல்ல மூட்டு என்பார்கள். நூறைத் தாண்ட முயல்வது வீண் வேலை. ஆளைத் தாங்கும் பெல்ட், பாராசூட் மாதிரியான பொருட்களுக்கு இந்த நியாயம் பொருந்தாது, அவற்றுக்குக் கணக்கே வேறு.

ஒரே தடிமனுள்ள இரண்டு துணிகளில் ஒன்று மட்டும் மூட்டில் விலகுகிறது. ஏன்?

நெய்த துணியை நிற்க வைப்பது உராய்வு மட்டுமே. பாவும் (நீளவாட்டில் ஓடும் இழை) ஊடையும் (குறுக்குவாட்டில் ஓடும் இழை) குறுக்கிடும் ஒவ்வொரு இடத்திலும் ஒன்றையொன்று அழுத்திப் பிடிக்கின்றன. பசையோ முடிச்சோ கிடையாது. ஆகவே ஒரு அங்குலத்தில் எத்தனை குறுக்கீடு, அதில் எவ்வளவு பிடிப்பு என்பதுதான் கேள்வி.

சாதா நெசவில் ஒவ்வொரு இழையும் ஒன்றின் மேல், அடுத்ததன் கீழ் என்று மாறி மாறிப் போகிறது. குறுக்கீடு அதிகம், அதனால் பிடிப்பும் அதிகம். ட்வில்லில் இழை இரண்டு மூன்று இழைகளைத் தாண்டி மிதந்து, பிறகுதான் இறங்கும். சாட்டினில் நான்கையோ ஏழையோ தாண்டும். அந்த நீண்ட மிதவைதான் சாட்டினுக்குப் பளபளப்பைத் தருகிறது, மூட்டு விலகுவதற்கும் அதுவேதான் காரணம்.

அடுத்தது இழையின் மேற்பரப்பு. பருத்தி நூல் குட்டை நார்களை முறுக்கி நூற்றது, மேலே பிசிறு இருக்கும், பக்கத்து இழையைக் கவ்விக்கொள்ளும். பாலியஸ்டர், நைலான், விஸ்கோஸ் போன்றவற்றின் நீள் இழைகளும் பட்டு இழையும் மழமழவென்று இருக்கும், கவ்வ எதுவுமில்லை. மழமழ இழை, சாட்டின் நெசவு, அங்குலத்துக்குக் குறைவான இழைகள், இந்த மூன்றும் சேர்ந்த துணி கையில் வந்தால் இறுக்கமான உடையாகத் தைக்க யோசியுங்கள். லைனிங் துணிகளில் பல இந்த ரகம்தான்.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. புதுத் துணியில் கஞ்சியோ பசையோ ஏற்றியிருந்தால் அது இழைகளைத் தற்காலிகமாக ஒட்டி வைத்திருக்கும். முதல் துவையலில் அது போய்விட, துணியின் நிஜ முகம் தெரியும். சிலிகான் மென்மையூட்டி போட்ட துணியில் நேர் எதிர்: தொடுவதற்கு வெண்ணெய் போல இருக்கும், ஆனால் அந்த வழவழப்பு உராய்வைக் குறைத்து இழைகளை எளிதாக நகரவிடும்.

அப்படியானால் எப்போதும் நெருக்கமான சாதா நெசவே பாதுகாப்பா?

மூட்டு விலகாமல் இருக்க, ஆம். கிழியாமல் இருக்க, இல்லை. துணி கிழியும்போது கிழிசலின் முனையில் உள்ள இழைகள்தான் முழுப் பாரத்தையும் வாங்குகின்றன. நெருக்கமான சாதா நெசவில் இழை நகர முடியாது, ஒவ்வொன்றாக நின்ற இடத்திலேயே அறுந்து கொடுக்கும். ட்வில்லிலோ தளர்ந்த நெசவிலோ இழைகள் நகர்ந்து ஒன்றாகக் கூடி, கூட்டமாகப் பாரம் தாங்கும். அதனால் கிழிப்பது கடினம். எந்த நகர்வு மூட்டை விலகச் செய்கிறதோ அதே நகர்வு கிழிசலைத் தடுக்கிறது. வேலை உடைகளுக்கு இறுக்கமாக நெய்த தடித்த ட்வில் இவ்வளவு காலமாக நிலைத்திருப்பது இந்த இரண்டுக்கும் நடுவில் அது நிற்பதால்தான்.

சுருங்காத பருத்தி என்று விற்கப்படும் துணிகளிலும் இது தெரியும். சுருக்கத்தைத் தடுக்கும் ரெசின் இழைகளைக் கட்டிப்போட்டு, நாரையும் சற்று நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவந்துவிடும். கிழிசல் உறுதி குறையும். அந்தத் துணியில் தடித்த ஊசி போடுவது ஆபத்து.

வெட்டுவதற்கு முன்பே துணியைச் சோதிக்க முடியுமா?

முடியும், பத்து நிமிட வேலை. துணியின் ஓரத்தை விட்டு உள்ளே தள்ளி, இரண்டு கட்டை விரல்களாலும் எதிரெதிரே தேய்த்துத் தள்ளிப் பாருங்கள். இழைகள் ஒதுங்கி ஜன்னல் விழுந்தால் எச்சரிக்கை. அடுத்து ஒரு முறை துவைத்து உலர்த்திய துண்டில், நீங்கள் போடப்போகும் அதே நூல், ஊசி, தையல் நீளத்தில் ஒரு சாண் நீளம் மூட்டித் தையுங்கள். மூட்டின் இருபுறமும் பிடித்து நன்றாக இழுத்து, வெளிச்சத்தில் பாருங்கள். பாவுக்கு இணையாக ஒரு மூட்டு, ஊடைக்கு இணையாக ஒரு மூட்டு என இரண்டும் செய்ய வேண்டும். ஒரே துணியில் இரண்டு திசையும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.

திசை ஏன் அவ்வளவு முக்கியம்?

மூட்டு பாவுக்கு இணையாக ஓடினால் இழுவிசை ஊடை வழியாக வருகிறது. தையலில் சிக்கிய பாவு இழைகள் ஊடை மேல் வழுக்குகின்றன, இடைவெளியில் ஊடை இழைகள் மட்டும் தெரியும். மூட்டு ஊடைக்கு இணையாக ஓடினால் இது தலைகீழ். பெரும்பாலான துணிகளில் அங்குலத்துக்குப் பாவு அதிகம், ஊடை குறைவு, அதனால்தான் இரண்டு திசையிலும் விடை வேறாகிறது.

குறுக்காக, அதாவது 45 டிகிரியில் வெட்டிய மூட்டில் இழை விலகல் பிரச்சினை அநேகமாக இருக்காது. ஆனால் அங்கே துணி ரப்பர் போல நீளும். நூல் கூடவே நீளாவிட்டால் நூல்தான் அறும். பேண்டின் பின்புற மூட்டு, குனியும்போது 'டப்' என்று விடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: வளைவான வெட்டு, நீளும் துணி, நீளாத தையல்.

பின்னல் துணியில் மூட்டு விடுவது ஏன் வேறு மாதிரி இருக்கிறது?

டி-ஷர்ட் துணி கண்ணிகளால் ஆனது. இழுத்தால் கண்ணி வடிவம் மாறி நீளும், இழை வழுக்குவது இங்கே பெரிய பிரச்சினை இல்லை. பிரச்சினைகள் இரண்டு. முதலாவது, துணி ஒன்றரை மடங்கு நீளும்போது லாக்ஸ்டிச், அதாவது வீட்டு மெஷினின் வழக்கமான நேர்த்தையல், அவ்வளவு நீளாது. பாரம் முழுவதும் துணியிலிருந்து நூலுக்கு மாறி, நூல் படபடவென அறும். நூலின் உறுதியைக் கூட்டினாலும் பயன் குறைவு, தேவைப்படுவது நீட்சி. இரண்டாவது, ஊசி கண்ணியின் நடுவில் இறங்காமல் கண்ணி இழையையே வெட்டிவிட்டால் அங்கிருந்து ஓட்டை இறங்கும். தைத்த அன்று ஒன்றும் தெரியாது, இரண்டு மூன்று துவையலுக்குப் பிறகு மூட்டோரமாகப் பொடிப் பொடி ஓட்டைகள் தெரியும். உருண்டை முனை ஊசி இழையை வெட்டாமல் ஒதுக்கிவிட்டு இறங்கும், அதைப் போடுங்கள். முடிந்தவரை மெல்லிய எண்ணும் போடுங்கள்.

தோள் மூட்டு மட்டும் விதிவிலக்கு. அங்கே நீளக் கூடாது, ஆடையின் எடையே தொங்குகிறது. ஒரு மெல்லிய டேப்பைச் சேர்த்துத் தைப்பது நல்லது.

லாக்ஸ்டிச், செயின் ஸ்டிச், ஓவர்லாக்: எதில் உறுதி அதிகம்?

லாக்ஸ்டிச்சில், உலகத் தர எண்ணில் 301, மேல் நூலும் பாபின் நூலும் துணியின் நடுவில் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொள்கின்றன. ஒரு மீட்டர் மூட்டுக்கு ஏறக்குறைய இரண்டரை மீட்டர் நூல் போதும். பிரியாது, இரு பக்கமும் ஒரே அழகு. ஆனால் நூல் குறைவு என்பதால் நீட்சியும் குறைவு.

இரண்டு நூல் செயின் ஸ்டிச்சில், எண் 401, அடியில் சங்கிலி விழுகிறது. நூல் செலவு லாக்ஸ்டிச்சைப் போல இரண்டு மடங்கு. அந்தக் கூடுதல் நூல்தான் நீட்சியாக மாறுகிறது. அதே நூல், அதே எண்ணிக்கை என்றால் 401 மூட்டு 301-ஐ விடச் சற்றுக் கூடுதலாகவே தாங்கும். குறை என்னவென்றால், முடித்த முனையில் நூல் கிடைத்தால் சரசரவென்று உருவிக்கொண்டு வந்துவிடும். அதனால் முனையின் மேல் இன்னொரு தையல் குறுக்கே போக வேண்டும். ஒற்றை நூல் செயின் ஸ்டிச் (101) மூட்டுவதற்கே ஆகாது, அது சாக்கு மூட்டையின் வாயைத் தைக்கத்தான், ஒரே இழுப்பில் பிரிய வேண்டும் என்பதே அங்கே நோக்கம்.

மூன்று நூல் ஓவர்லாக் (504) நன்றாக நீளும், நூலும் 14 மடங்கு வரை தின்னும். பின்னல் துணிக்கு அருமை. நெய்த துணியில் அதை மட்டும் நம்பி மூட்டினால், இழுக்கும்போது பல் காட்டும், அதாவது இரு துண்டுகளுக்கும் நடுவே நூல் தெரியும். நெய்த துணிக்கு ஓவர்லாக் என்பது ஓரம் பிசிறாமல் இருக்கத்தான், பாரம் தாங்கக் கூடவே ஒரு செயின் ஸ்டிச்சோ லாக்ஸ்டிச்சோ வேண்டும். தொழிற்சாலைகளில் இரண்டையும் ஒரே ஓட்டத்தில் போடும் 516 அதற்குத்தான் இருக்கிறது.

வீட்டு மெஷினில் செயின் கிடையாதே என்றால், பின்னல் துணிக்கு ஒரு மி.மீ. அகலத்துக்குள் மிகக் குறுகிய ஜிக்ஜாக் போடுங்கள். நேர்கோடு போலவே தெரியும், நீளவும் செய்யும்.

ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல்?

நெய்த துணிக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. அங்குலத்துக்கு உள்ள தையல் எண்ணிக்கையை நூலின் உறுதியால் பெருக்கி, லாக்ஸ்டிச் என்றால் 1.5-ஆலும் இரண்டு நூல் செயின் என்றால் 1.7-ஆலும் பெருக்க வேண்டும். ஒற்றை நூல் ஒரு கிலோ தாங்கும், அங்குலத்துக்கு 10 தையல் என்று வைத்துக்கொள்வோம். லாக்ஸ்டிச் மூட்டு அங்குலத்துக்கு ஏறக்குறைய 15 கிலோ, செயின் 17 கிலோ. 12 தையலாக்கினால் லாக்ஸ்டிச் 18 கிலோ. ஒவ்வொரு தையலிலும் இரண்டு கால்கள் இருக்கும்போது ஏன் 2-ஆல் பெருக்கவில்லை? நூல் நேராக நின்று அறுவதில்லை. இன்னொரு நூலைச் சுற்றி வளைந்து நிற்கிறது, வளைவில் அதன் உறுதி குறைந்துவிடுகிறது.

கணக்கைப் பார்த்ததும் 20, 25 என்று போகத் தோன்றும். போகாதீர்கள். இந்தக் கணக்குக்கு நூலைத்தான் தெரியும், துணியைத் தெரியாது. ஒவ்வொரு ஊசித் துளையும் இழையை வெட்டவோ நசுக்கவோ வாய்ப்பு. ஒரு அளவுக்கு மேல் துளைகளே கிழிசல் கோடாகிவிடும். சட்டைத் துணிக்கு 10 முதல் 14, தடித்த டெனிமுக்கு 7 முதல் 9 என்பது பரவலான பழக்கம். தோலும் ரெக்ஸினும் இன்னும் குறைவாகக் கேட்கும். தோலில் இழை ஒதுங்காது, துளை துளைதான்.

தடித்த நூல் போட்டால்?

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். தைக்கக் கற்ற புதிதில் ஒரு சாட்டின் மேல்சட்டை தைத்தேன். முதல் நாளே முதுகுப் பக்கக் கை மூட்டு வாய் பிளந்தது. தடித்த நூல், அதற்கேற்ற தடித்த ஊசி, நெருக்கத் தையல் என்று அதே கோட்டில் மறுபடி ஓட்டினேன். இடைவெளி இரண்டு மடங்கானதுடன், ஊசி பட்ட இடத்தில் இழைகளும் அறுந்தன. நடந்தது இழை விலகல், நான் கொடுத்தது நூல் அறுந்ததற்கான மருந்து.

நூல் அறுந்திருந்தால் மட்டுமே தடித்த நூல் பதில். அப்போதும் நார் வகையை முதலில் பாருங்கள். ஒரே தடிமனில் பாலியஸ்டர் நூல் பருத்தி நூலை விட நன்றாகவே உறுதி கூடியது. உள்ளே பாலியஸ்டர் நீள் இழையும் மேலே பருத்தியோ பாலியஸ்டர் நாரோ சுற்றிய நூல் மெல்லியதாகவும் இருக்கும், தாங்கவும் செய்யும். கண்டில் போட்டிருக்கும் டிக்கெட் எண் கூடக் கூட நூல் மெலியும். 120 மெல்லியது, 80 நடுத்தரம், 40 தடித்தது. டெக்ஸ் எண்ணில் இது நேரெதிர், 1000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பதே டெக்ஸ்.

ஊசியில் 80 என்றால் தண்டு 0.8 மி.மீ. நூல் தடித்தால் ஊசியும் தடிக்கும், துளையும் பெரிதாகும். வேகமான தொழிற்சாலை மெஷினில் ஊசி சூடேறுவது வேறு கதை: பாலியஸ்டர் 260 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகும், அதற்கு முன்பே இளகி நலியும். மூட்டில் ஆங்காங்கே கெட்டியான பொட்டுகள் தெரிந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

மூட்டும் முறையை மாற்றினால் எவ்வளவு வித்தியாசம்?

இங்கேதான் அதிக லாபம்.

இரண்டு துண்டுகளை முகத்தோடு முகம் வைத்து ஒரு வரி ஓட்டி, விரித்து இஸ்திரி போடுவது சாதா மூட்டு. பாரம் முழுவதும் அந்த ஒரே நூல் வரியில் தொங்குகிறது. விரித்த இரு பக்கமும் மேலே அலங்கார வரி ஓட்டினால் உறுதி கூடுமா என்று கேட்பார்கள். நூல் அறுவதைப் பொறுத்தவரை கூடாது, ஏனென்றால் அந்த வரிகள் எதுவும் இரு துண்டுகளையும் சேர்த்துப் பிடிக்கவில்லை. உள்விளிம்பை, அதாவது தையலுக்கு வெளியே விடும் துணி ஓரத்தை, பிடித்து வைப்பதால் இழை விலகலைக் கொஞ்சம் தடுக்கும், அவ்வளவுதான். அதே உள்விளிம்புகளை ஒரே பக்கமாகச் சாய்த்து மேலே ஒரு வரி ஓட்டிப் பாருங்கள், அந்த வரி இரு துண்டுகளையும் பிடிக்கும். செலவு ஒன்றுதான், பலன் வேறு.

ஜீன்ஸ் காலின் உள்பக்க மூட்டு இதன் முழு வடிவம். இரு ஓரங்களும் ஒன்றுக்குள் ஒன்று கொக்கி போல மடிந்து, மேலே இரண்டு வரி ஓடுகிறது. பாரம் இரண்டு வரிக்கும் பகிர்கிறது, நான்கு அடுக்குத் துணியும் ஒன்றையொன்று அழுத்தி உராய்வைக் கூட்டுகிறது, பிசிறும் ஓரம் உள்ளே மறைகிறது. இழை விலக வேண்டுமானால் மடிப்புக்குள்ளிருந்து இழை உருவி வர வேண்டும். அது லேசில் நடக்காது.

மெல்லிய துணிக்கு அந்தத் தடிமன் ஒத்துவராது. அங்கே பிரெஞ்சு மூட்டு: முதலில் வெளிப்பக்கமாக ஓரத்தை ஒட்டித் தைத்து, திருப்பி, அந்த ஓரத்தை உள்ளே அடக்கி மறுபடி தைப்பது. பாரம் தாங்குவது இரண்டாவது வரி. அது விட்டால் முதல் வரி பிடிக்கும்.

உள்விளிம்பு எவ்வளவு விட வேண்டும்?

விலகும் துணியில் ஒன்றரை செ.மீ.க்குக் குறையாமல். தையலுக்கு வெளியே எத்தனை குறுக்கீடுகள் இருக்கின்றனவோ அத்தனை பிடிப்பு. ஓவர்லாக் வெட்டி ஐந்து மி.மீ. மட்டும் விட்ட லைனிங் மூட்டு முழுசாக உருவிக்கொண்டு வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். பின்னல் துணிக்கு ஆறு மி.மீ. தாராளம்.

நனைவதும் வெயிலும் பாதிக்குமா?

பருத்தி நனைந்தால் உறுதி கூடும், விஸ்கோஸ் நனைந்தால் பாதி அளவுக்குக்கூடக் குறையும். விஸ்கோஸ் துணியை ஈரத்தோடு முறுக்கிப் பிழியாதீர்கள். வெயிலில் கிடக்கும் குடை, கூடாரம், இருக்கை உறைகளுக்குச் சாதா நைலான் நூல் வேண்டாம், பாலியஸ்டர் அதைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும்.

சோதனைச் சாலையில் இதை எப்படி அளக்கிறார்கள்?

ஐ.எஸ்.ஓ 13935-இன் இரண்டாம் பகுதிப்படி, மூட்டிய 100 மி.மீ. அகலத் துண்டின் நடுப்பகுதியை மட்டும் 25 மி.மீ. தாடைகளால் கவ்வி, நிமிடத்துக்கு 50 மி.மீ. வேகத்தில் விடும்வரை இழுப்பார்கள். எத்தனை நியூட்டன் என்பதோடு எது விட்டது, நூலா, துணியா, விலகலா என்பதையும் அறிக்கையில் எழுத வேண்டும். எண்ணை விட எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியம்.

இழை விலகலுக்குத் தனிச் சோதனை, ஐ.எஸ்.ஓ 13936. அதன் இரண்டாம் பகுதியில், சதுர மீட்டருக்கு 220 கிராம் வரையுள்ள ஆடைத் துணிக்கு 60 நியூட்டன், அதற்கு மேல் 120, இருக்கை உறைத் துணிக்கு 180 நியூட்டன் விசை கொடுத்து, எத்தனை மி.மீ. வாய் திறக்கிறது என்று அளக்கிறார்கள்.

தைத்து முடித்த உடையில் இழை விலகிவிட்டது. இனி என்ன செய்ய?

விலகிய இழைகளை ஊசி முனையால் மெல்லத் தள்ளிப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள், இழை அறாதிருந்தால் பெரும்பாலும் வரும். உள்பக்கம் மூட்டின் இருபுறமும் இரண்டு செ.மீ. அகலத்தில் மெல்லிய ஒட்டு லைனிங்கைத் துணி தாங்கும் சூட்டில் இஸ்திரி போட்டு ஒட்டுங்கள். பசை இழைகளைக் குறுக்கீடுகளில் பூட்டிவிடும், நெசவு செய்யாத வேலையை அது செய்யும். பிறகு பழைய வரியிலிருந்து இரண்டு மி.மீ. உடல் பக்கம் தள்ளி, மெல்லிய ஊசியில், முன்பு போட்ட அதே ரக நூலிலேயே புது வரி ஓட்டுங்கள். அளவு கொஞ்சம் குறையும். குறைய இடமில்லாத அளவுக்கு உடை ஏற்கெனவே இறுக்கம் என்றால், மூட்டில் ஒரு பட்டையைச் சேர்த்து அகலப்படுத்துங்கள்.